விரதச் சாப்பாடும் கத்தரிப் புழுவும்



கந்த சஷ்டி நெருங்குது. நம்மில் பலர் ஆறு நாளும் விரதம் இருப்போம். சிலர் பால், பழம் மட்டும் எடுத்துப்பாங்க. சிலருக்கு ஒருவேளை சாப்பாடு. எப்படி இருந்தாலும் எல்லாருக்கும் பொதுவாக ஒரு விதி உண்டு: அசைவம் கிடையாது. ஏன் என்று கேட்டால் வீட்டில் இருக்கிற சின்னப் பிள்ளைகூடச் சொல்லும், "ஒரு உயிரைக் கொன்னு சாப்பிடக் கூடாது, அதான்."

இந்தப் பதிலைத்தான் இன்றைக்குக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கணும்னு ஆசை. நம் இலையில் விழுகிற கத்தரிக்காய்ப் பொரியலுக்காக எந்த உயிரும் போகவில்லையா? போயிருந்தால் அந்தக் கணக்கு யார் பெயரில் ஏறும்? கொன்றவர் பெயரிலா, சாப்பிட்டவர் பெயரிலா?

முதலிலேயே ஒன்று சொல்லிடறேன். "சைவமும் அசைவமும் எல்லாம் ஒண்ணுதான்" என்று நான் முடிக்கப் போவதில்லை. காலேஜ் முடித்த வருஷத்திலிருந்து நான் சைவம். அதை மாற்றிக்கொள்ளும் எண்ணமும் இல்லை. ஆனால் ஒரு விரதத்தை மதிக்கிறோம் என்றால் அது எதன் மேல் நிற்கிறது என்று பார்ப்பதும் அந்த மரியாதையில் சேர்ந்ததுதான்.

பார்க்க வேண்டிய இடம் காய் விளைகிற தோட்டம். நான் கோயம்புத்தூரில் சாப்ட்வேர் வேலை பார்க்கிறேன். ஒட்டன்சத்திரம் பக்கத்தில் என் தாய்மாமாவுக்கு ஒன்றரை ஏக்கரில் காய்கறித் தோட்டம் இருக்கு. கத்தரி, தக்காளி, வெண்டை, ஓரத்தில் ஒரு பீர்க்கங்காய்ப் பந்தல். ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை போய் ஒரு நாள் முழுக்க அவர்கள் கூடவே வேலை செய்வேன். போன ஆவணியில் அப்படிப் போன ஒரு நாளை வைத்தே இதை எழுதுகிறேன்.

விடியக்காலை அஞ்சரைக்கு வெண்டையில் ஆரம்பித்தோம். வெண்டையை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கணும். விட்டால் முத்திப் போகும், அப்புறம் யாரும் வாங்க மாட்டாங்க. செடியில் இருக்கிற சுணை கையெல்லாம் அரிக்கும். அதனால் பழைய சாக்ஸின் முனையை வெட்டி முழங்கை வரை மாட்டிக்கொண்டுதான் அத்தை பறிப்பார். எனக்கும் ஒரு ஜோடி எடுத்து வைத்திருந்தார். வெயில் ஏறுவதற்குள் வெண்டை முடிந்தது.

கத்தரிக்கு வந்ததும் வேலையே வேற மாதிரி ஆச்சு. காயைப் பறிப்பதற்கு முன்னாடி மாமா ஒவ்வொரு செடியின் நுனியையும் பார்த்துக்கொண்டே போனார். நல்லாப் பச்சையாக இருக்கிற செடியில் ஒரே ஒரு நுனி மட்டும் தலை தொங்கிக் கிடக்கும். தண்ணி பத்தலைன்னா செடி முழுக்க வாடும். ஒரு நுனி மட்டும் வாடியிருந்தால் உள்ளே புழு இருக்கு என்று அர்த்தம். மாமா அந்த நுனியைக் கொஞ்சம் கீழே பிடித்துக் கிள்ளி, நகத்தால் நெடுக்காகப் பிளந்து காட்டினார். தண்டுக்குள்ளே இளஞ்சிவப்பில் ஒரு சின்னப் புழு நெளிந்தது. அதை விரலால் நசுக்கிவிட்டு, மிச்ச நுனியை சோப்புத் தண்ணி இருந்த பக்கெட்டில் போட்டார்.

"இப்படியே ஒவ்வொண்ணா கிள்ளிக்கிட்டு வா மாப்ள. கீழ போட்றாத, ஊர்ந்து அடுத்த செடிக்குப் போயிரும்."

இதுதான் கத்தரித் தண்டு, காய்த் துளைப்பான். வெள்ளை நிற அந்துப்பூச்சி ஒன்று செடியில் முட்டை வைக்கும். பொரிந்து வருகிற புழு முதலில் இளம் தண்டுக்குள் போகும். காய் பிடித்ததும் காய்க்குள் போகும். போன ஓட்டையைத் தன் கழிவாலேயே அடைத்துக்கொள்ளும். உள்ளே போன பிறகு மேலே எந்த மருந்தை அடித்தாலும் அதன் மேல் படாது. அதனால்தான் கத்தரிக்கு மட்டும் இத்தனை தடவை மருந்து அடிக்கிறாங்க. புழு வெளியே இருக்கிற கொஞ்ச நேரத்தைப் பிடிக்கணும், அது எப்போது என்று தெரியாததால் அடித்துக்கொண்டே இருக்கணும்.

நானும் கிள்ளினேன். எண்ணுவது என் தொழில் பழக்கம். எங்கள் ஆபீசில் புரோகிராமில் வருகிற தப்பை 'பக்' என்போம், அதற்கு நேர் அர்த்தம் பூச்சிதான். தினமும் எத்தனை பக் மூடினோம் என்று கணக்குக் காட்டணும். அன்றைக்குக் காலை ஒன்பது மணிக்குள் நான் கிள்ளிய நுனி 63. சிலதில் புழு இல்லாமல் வெறும் துளை மட்டும் இருந்தது. அதைக் கழித்தாலும் ஐம்பதுக்குக் குறையாத உயிர். அசைவம் சாப்பிடாத ஒருவனுடைய கையால், காலை டிபனுக்கு முன்னாடி.

அடுத்து தரம் பிரிக்கிற வேலை. பறித்த கத்தரியைத் தார்ப்பாயில் கொட்டி, நல்ல காய் ஒரு பக்கம், ஓட்டை விழுந்த காய் இன்னொரு பக்கம் என்று ஒதுக்கணும். ஓட்டைக் காய்க்கு 'சொத்தை' என்று பேர். நல்ல காய் சாக்குக்குப் போய், குட்டியானை வண்டியில் ஏறி, ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போகும். தமிழ்நாட்டின் பெரிய காய்கறிச் சந்தைகளில் அதுவும் ஒன்று. கேரளாவுக்குப் போகிற காயில் பெரும் பங்கு அங்கிருந்து ஏறுவதுதான். சொத்தை சந்தைக்கே போகாது. ஒரு சாக்கில் நாலு சொத்தை கலந்திருந்தாலும் கமிஷன் கடையில் மொத்தச் சாக்குக்கும் விலை இறங்கும்.

அங்கே உட்கார்ந்து யோசித்தேன். கமிஷன் கடைக்காரர் ஏன் குறைக்கிறார்? சில்லறைக் கடைக்காரர் சொத்தையை வாங்க மாட்டார். அவர் ஏன் வாங்க மாட்டார்? நாம் எடுக்க மாட்டோம். கடையில் நாம் கத்தரிக்காயை எப்படி வாங்குகிறோம் என்று பாருங்கள். ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பி, காம்பைப் பார்த்து, ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் திரும்பக் கூடையில் போடுவோம். அந்த ஒரு கை அசைவு சில்லறைக் கடை, கமிஷன் கடை, குட்டியானை என்று பின்னாலேயே நடந்து தோட்டத்துக்கு வந்து, மாமா கையில் மருந்து டேங்காக மாறுது. வாங்குகிற நமக்கு அந்தப் புழு மேல் கோபமே இல்லை. ஆனாலும் அது இருக்கக் கூடாது என்று உத்தரவு போடுவது நாம்தான்.

மத்தியானம் அத்தை அந்தச் சொத்தைக் காயிலேயே குழம்பு வைத்தார். ஓட்டை இருக்கிற பக்கத்தை வெட்டி எறிந்துவிட்டால் மீதி முக்கால் காய் நல்ல காய். விளைவிக்கிறவங்க வீட்டில் சொத்தை, வாங்குகிறவங்க வீட்டில் பளபளப்பு என்பதுதான் அந்தப் பக்கத்தில் பல வீடுகளின் நடைமுறை. ஓட்டை இருந்தால் மருந்து அடிக்காத காய் என்று சிலர் சொல்வாங்க. அது உறுதி இல்லை, மருந்து அடித்த செடியிலும் உள்ளே புகுந்த புழு தப்பித்துவிடும். ஆனால் ஒரு ஓட்டையும் இருக்கக் கூடாது என்று நாம் கேட்கும்போது, மருந்தைக் கூட்டச் சொல்லிக் கேட்கிறோம் என்பது உறுதி.

சாப்பிட்டுவிட்டுக் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்த நேரத்தில் தக்காளிப் பாத்தியில் மயில் இறங்கியது. ஒரு ஆண், நாலு பெண். பழுத்த தக்காளியாகப் பார்த்து ஒரு கொத்து கொத்திவிட்டு அடுத்ததற்குப் போகும். முழுசாகத் தின்றால்கூடப் பரவாயில்லை, ஒரு கொத்து விழுந்த பழம் எல்லாமே வீண். திண்டுக்கல், கோயம்புத்தூர் பக்கம் காய்கறி போடுகிற யாரைக் கேட்டாலும் மயிலைப் பற்றி ஒரு கதை சொல்லுவாங்க. மாமா பழைய சேலையைக் கட்டிப் பார்த்திருக்கிறார், சிடி தொங்கவிட்டுப் பார்த்திருக்கிறார். ரெண்டு நாள் பயப்படும், மூணாம் நாள் அதன் மேலேயே உட்காரும்.

அத்தை தகர டின்னைத் தட்டிக்கொண்டே ஓடினார். திரும்பி வந்து மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "சூரன்தான் கண்ணு மயிலா மாறினான்னு சொல்றாங்க. நம்ம தோட்டத்துக்கு வந்தா அது திரும்ப சூரனா மாறிடுது."

எல்லாரும் சிரித்தோம். ஆனால் சிரிப்பு அடங்கியதும் அந்தக் கேள்வி வந்து உட்கார்ந்தது. காலையில் புழுவை நசுக்கினோம். புழு தின்றதைவிட மயில் தின்றதும் குறைவில்லை. மயிலை ஏன் விரட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறோம்? சட்டம் ஒரு காரணம். 1963இல் மயில் தேசியப் பறவை ஆனது. 1972ஆம் வருஷத்து வனஉயிர் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்கு உச்சப் பாதுகாப்பு இருக்கு. கொன்றால் ஜெயில். ஆனால் சட்டம் இல்லாவிட்டாலும் மாமா மயிலைத் தொட மாட்டார். அது முருகன் ஏறும் வாகனம். அழகு வேற. அதுக்கும் மேலே, மயிலுக்கு நம்மைப் பார்க்கிற கண் இருக்கு, அடிபட்டால் கத்தும். புழுவுக்குக் கத்தத் தெரியாது.

இது நியாயமான அளவுகோல்தானா? வலி தெரிகிற உயிருக்கு அதிக இரக்கம் என்பது ஓரளவு சரி. ஆடு, கோழி, மயில் எல்லாம் நம்மைப் போலவே பயப்படுது, வலிக்குத் துடிக்குது. ஆனால் 'அழகு', 'சாமியோட வாகனம்' என்பதெல்லாம் அந்த உயிரைப் பற்றிய உண்மைகள் இல்லை, நம்மைப் பற்றிய உண்மைகள். நமக்குப் பிடித்ததைக் காப்பாற்றுவதை இரக்கம் என்று சொல்லிவிட முடியாது. நமக்கு எந்த விதத்திலும் பிடிக்காத ஒன்றின் முன்னால் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதில்தான் இரக்கத்துக்கு உண்மையான பரீட்சை இருக்கு.

நம் வள்ளியம்மை தினைப்புனம் காத்தவர். பரண் மேல் நின்று கவணும் குரலுமாகப் பறவைகளை ஓட்டினார். பயிருக்குக் காவலும் வேணும், பறவையும் பிழைக்கணும். காவல் என்றால் விரட்டுவது, முடிந்தவரை கொல்லாமல் விரட்டுவது என்ற ஒரு பழைய அளவு அந்தக் கதைக்குள் இருக்கு. ஆனால் தண்டுக்குள் குடியிருக்கும் புழுவைக் குரல் கொடுத்து விரட்ட முடியாது. அங்கேதான் விவசாயி தனியாக நிற்கிறார்.

சாயங்காலம் மருந்து அடிக்கிற வேலை. அன்றைக்கு வேப்பங்கொட்டைக் கரைசல். 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, ராத்திரி முழுக்க ஊற வைத்து, வடிகட்டி, சோப்புக் கரைசல் சேர்த்து 100 லிட்டர் தண்ணியில் கலக்கணும். வெயிலில் அதன் வீரியம் போய்விடும் என்பதால் பொழுது சாய்ந்துதான் அடிக்கணும். இதுவும் கொல்லத்தான் செய்யும். புழுவைத் தின்ன விடாது, வளர விடாது. 'இயற்கை' என்ற சொல்லை வைத்துக்கொண்டு இந்த இடத்தை நாம் தாண்டிவிடக் கூடாது. வித்தியாசம் அளவில் இருக்கு. கடை மருந்தில் பலது, அசுவினியைத் தின்கிற பொறிவண்டையும் சிலந்தியையும் சேர்த்துக் கொல்லும். காவல்காரன் செத்த பிறகு அசுவினி இன்னும் பெருகும். அதற்கு இன்னொரு மருந்து. வேப்பங்கொட்டையில் அந்தச் சேதம் குறைவு.

புழு மிஞ்சினால் மாமா கடை மருந்தும் அடிப்பார், அதை மறைக்க வேண்டியதில்லை. மருந்து பாட்டிலில் முக்கோணம் போட்டிருக்கும். சிவப்பு என்றால் கடும் விஷம். அப்புறம் மஞ்சள், நீலம், பச்சை என்று இறங்கும். அடித்த பிறகு எத்தனை நாள் காத்திருந்து பறிக்கணும் என்றும் போட்டிருக்கும். கத்தரி அஞ்சு நாளைக்கு ஒருமுறை பறிப்புக்கு வரும். காத்திருக்கிற நாள் அதைவிட அதிகமாக இருந்தால் ஒரு பறிப்பை விட்டுவிடணும். விட்டால் காய் முத்தும், காசு போகும். விடாவிட்டால் விஷம் நம் இலைக்கு வரும். இந்த முடிவை எடுக்கிற நேரத்தில் அவர் பக்கத்தில் யாரும் இல்லை, கடன் தவணை மட்டும்தான் இருக்கு. மாமா ஒரு பறிப்பை விட்டுவிடுகிற ஆள். அதில் போகிற காசை யாரும் அவருக்குத் திருப்பித் தருவதில்லை.

டேங்கைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவரிடம் நேராகவே கேட்டேன். "மாமா, இத்தனை உயிர் போகுதே, உங்களுக்கு மனசுல எதுவும் இல்லையா?"

அவர் நிமிராமலே சொன்னார்: "இல்லாம என்ன மாப்ள. சஷ்டிக்கு ஆறு நாளும் நான் மருந்து டேங்கத் தொடறதில்ல, தெரியுமில்ல? நுனி கூட கிள்ள மாட்டேன். சூரசம்ஹாரம் முடிஞ்சு மறுநாள்தான்."

"அந்த ஆறு நாள்ல புழு ஏறிடாதா?"

"ஏறத்தான் செய்யும். அடுத்த பறிப்புல பாதி சொத்தையாப் போகும். போகட்டும். பாவம்னு ஒண்ணு இருந்தா வருஷம் பூரா அது எனக்குத்தான் வருது. நீங்க டவுன்ல சுத்தமா விரதம் இருங்க. அந்த ஆறு நாளாவது நானும் இருந்துக்கறேன்."

அவர் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் இந்த விஷயத்தில் நான் படித்த எதையும்விட அது ஆழமாக இறங்கியது. அவருடைய விரதத்துக்கு ஒரு விலை இருக்கு, அதை அவரே கொடுக்கிறார். ஆறு நாள் புழுவுக்கு விட்டுக்கொடுக்கிறார். நம்மில் பலருக்கு விரதம் என்றால் மெனு மாறுகிறது, அவ்வளவுதான். இன்னும் சொன்னால் விரத மாதங்களில் நாம் எல்லாரும் சேர்ந்து காய்கறிக்குத் திரும்பும்போது காயின் தேவை கூடுது, பளபளப்பான காய்க்கு நல்ல விலை வருது, தோட்டத்தில் வேலை இன்னும் கடுமையாகுது. நம் கை சுத்தமாக இருப்பதற்கு இன்னொருவர் கை அழுக்காகணும்.

இந்தச் சிக்கல் புதுசு இல்லை. நம் முன்னோர்கள் இதைப் பார்த்தே இருக்கிறாங்க. மனுஸ்மிருதி உழவைக் குறை சொல்கிறது. இரும்பு முனை வைத்த கலப்பை மண்ணையும் மண்ணில் இருக்கிற உயிர்களையும் காயப்படுத்துகிறது என்பது அது சொல்லும் காரணம். ஆனால் அப்படிச் சொன்னவர்களும் சோறு தின்றுகொண்டுதான் இருந்தாங்க. அஸ்வகோஷர் எழுதிய புத்த சரிதத்தில் இளம் சித்தார்த்தர் உழுத வயலில் செத்துக் கிடக்கும் புழு பூச்சிகளைப் பார்த்து, சொந்தக்காரர் செத்ததுபோல் வருந்துகிறார். அந்த வருத்தம் அவரைத் துறவுக்கு இழுத்துப் போன காரணங்களில் ஒன்று. துறவிக்குப் பிச்சை போட ஒரு வீடும், அந்த வீட்டுக்கு அரிசி கொடுக்க ஒரு வயலும் வேணும் என்பது மட்டும் அப்படியே இருக்கு.

சமணர்கள் இதை இன்னும் நுணுக்கமாகப் பிரித்தாங்க. வேண்டுமென்றே கொல்வது ஒன்று, வீட்டு வேலையில் போகிற உயிர் ஒன்று, தொழிலில் போகிற உயிர் ஒன்று, தற்காப்பில் போகிற உயிர் ஒன்று என்று நாலு வகை. இல்லறத்தில் இருப்பவர் முதலாவதை முழுசாக விடணும், மற்ற மூணையும் முடிந்தவரை குறைக்கணும். அதனால்தான் கொல்லாமையை உயிராக வைத்திருக்கிற அந்தச் சமயத்திலும் உழவர்கள் இருக்கிறாங்க. நம் வந்தவாசி, செஞ்சி பக்கத்துத் தமிழ்ச் சமணர்களில் பலர் தலைமுறை தலைமுறையாக விவசாயிகள்தான். காந்தியிடம் பயிரை அழிக்கிற குரங்குகளை என்ன செய்வது என்று கேட்டாங்க. நாட்டில் பஞ்சம் இருக்கும்போது அகிம்சை என்ற பேரில் பயிரை விலங்குக்கு விட்டுவிடுவது பாவம் என்று 1946இல் ஹரிஜன் பத்திரிகையில் எழுதினார்.

திருவள்ளுவர் என்ன செய்தார் என்பது எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. புலான்மறுத்தல், கொல்லாமை என்று ரெண்டு அதிகாரம் எழுதியவர்தான் உழவு என்று ஒரு அதிகாரத்தையும் எழுதி, உழவரை மற்ற எல்லாருக்கும் மேலே வைத்தார். களை எடுப்பதை நல்ல அரசனின் வேலைக்கு உவமையாகவே சொன்னார். புலான்மறுத்தலில் அவர் வைக்கிற ஒரு வாதம் இருக்கு. தின்பதற்காக உலகம் கொல்லாவிட்டால், காசுக்கு இறைச்சி விற்கிறவரே இருக்க மாட்டார் என்று. அதாவது 'நான் கொல்லவில்லை, கடையில் வாங்கினேன்' என்ற சாக்கை அவர் ஏற்கவில்லை. வாங்குகிற கை, கொல்கிற கையோடு சேர்ந்தது என்கிறார்.

அந்த வாதத்தை இறைச்சிக் கடையோடு நிறுத்துவதற்குக் காரணம் எதுவும் இல்லை. அதே தராசில் கத்தரிக்காயையும் வைத்துப் பார்க்கணும். வாங்குகிறவருக்குப் பங்கு உண்டு என்றால், ஓட்டை இல்லாத காய் கேட்கிற நமக்கும் புழுவின் சாவில் பங்கு உண்டு. மாமா பெயரில் மட்டும் அந்தக் கணக்கை எழுதிவிட்டு நாம் விலகிக்கொள்ள முடியாது. இதுதான் நான் அந்த நாளில் இருந்து எடுத்துக்கொண்ட முடிவு.

"அப்படின்னா சைவம் எதுக்கு? எப்படியும் உயிர் போகுதே" என்று யாராவது கேட்பீங்க. இதற்குப் பதில் கணக்கிலேயே இருக்கு. கோழியும் தீவனம் தின்றுதான் வளருது. கோழித் தீவனத்தில் பெரும்பங்கு மக்காச்சோளம். 2018இல் நம் நாட்டுக்குள் வந்த படைப்புழு மக்காச்சோளத்தைத் தாக்கியதில் இருந்து அந்தக் காடுகளிலும் மருந்து அடிக்காமல் முடியவில்லை. ஒரு கிலோ கறிக்கு ஒரு கிலோவுக்கும் அதிகமான தீவனம் போகுது. ஆக ஒரு தட்டு கறியில் கோழியின் உயிரும் இருக்கு, அது தின்ற சோளத்துக்காகப் போன புழுக்களின் உயிரும் இருக்கு. சைவத்தில் ஒரு கணக்குதான், அசைவத்தில் ரெண்டு. மேலும் ஆட்டையும் கோழியையும் கொல்வதே நோக்கம், கத்தரியில் காயைக் காப்பது நோக்கம். நோக்கத்துக்கு மதிப்பு உண்டு. ஆனால் குறைவு என்பது பூஜ்யம் ஆகாது. பூஜ்யம் என்று நினைத்துக்கொள்வதில் இருந்துதான் சைவம் சாப்பிடுகிறவரின் கர்வம் பிறக்குது.

வள்ளலார் ஜீவகாருண்ய ஒழுக்கத்தில், செடி கொடியும் உயிர்தானே, அதைத் தின்பது கொலை ஆகாதா என்ற கேள்வியைத் தானே எழுப்பிப் பதில் சொல்கிறார். அவர் அந்தக் கேள்வியை ஒதுக்கவில்லை, அதனால் சோர்ந்து உட்காரவும் இல்லை. 1867இல் வடலூரில் தருமசாலை தொடங்கிப் பசித்தவர்களுக்குச் சோறு போட்டார். போகிற உயிரைப் பற்றிய வருத்தமும், பசித்த உயிருக்குச் சோறும் ஒரே மனசில் இருக்க முடியும். இருக்கணும்.

இனி நாம் செய்யக் கூடியது என்ன? எனக்குத் தோன்றுவது மூணுதான்.

முதலாவது, ஓட்டை விழுந்த காயை ஒதுக்காமல் எடுப்போம். வெட்டும்போது அந்தப் பக்கத்தை நீக்கிக்கொள்ளலாம், கூட அஞ்சு நிமிஷம் ஆகும். ஒரு தெருவில் பத்து வீடு இப்படி வாங்கினால் கடைக்காரர் சொத்தைக்கும் ஒரு விலை போடுவார். சொத்தைக்கு ஒரு விலை இருந்தால் தோட்டத்தில் ஒரு தடவை மருந்து குறையும். கோயில் அன்னதானத்துக்குக் காய் வாங்குகிறவர்கள் இதை நினைத்தால் இன்னும் பெரிசாகச் செய்யலாம். நறுக்கிப் போடுகிற சாம்பாருக்குப் பளபளப்பான காய் எதற்கு?

ரெண்டாவது, வீணாக்குவதில்லை. அழுகிப்போய்க் குப்பைக்குப் போகிற ஒவ்வொரு காயிலும் எதற்கும் பயன்படாமல் போன உயிர்கள் இருக்கு. தின்ற காய்க்காவது ஒரு நியாயம் சொல்லலாம், குப்பைக்குப் போன காய்க்கு எதுவும் சொல்ல முடியாது. விரத நாளில் ஃபிரிட்ஜை நிரப்பிவிட்டு ஏழாம் நாள் கொட்டுவது விரதத்துக்கே எதிர்.

மூணாவது, விளைவிக்கிறவங்களிடம் பேரம் பேசுவதைக் கொஞ்சம் குறைப்போம். கைக்கு ரெண்டு ரூபா கூட வந்தால்தான் ஒரு பறிப்பை விட்டுவிட்டுக் காத்திருக்க ஒருவருக்குத் தெம்பு வரும். அவர் மனசில் இரக்கம் ஏற்கெனவே இருக்கு. அதற்கு ஆகிற செலவைத்தான் நாம் பங்கு போட்டுக்கொள்ளணும்.

மயிலுக்கு என்ன வழி என்று கேட்டால் என்னிடம் முழுப் பதில் இல்லை. வலை கட்டலாம், அதற்கும் காசு வேணும். இப்போதைக்கு அத்தை டின் தட்டுகிறார், அது பறந்து போய்த் திரும்ப வருது. கொல்லாமல் காவல் காப்பது என்றால் தினமும் ஓட வேண்டியிருக்கும், ஒருநாளும் முடியாது. அதை அவர் அலுத்துக்கொண்டே செய்கிறார், ஆனால் செய்கிறார்.

இந்த சஷ்டிக்குக் காய் வாங்கப் போகும்போது கூடையில் ஓட்டை விழுந்த கத்தரிக்காய் ரெண்டு கண்ணில் பட்டால், அதையும் சேர்த்து எடுத்துப் போடுங்கள். நம் விரதத்தின் விலையில் ஒரு சின்னப் பங்கை நாமே கொடுத்த மாதிரி இருக்கும்.

வேலும் மயிலும் துணை.